சீன நகரத்துப் பெண்களும் கல்யாணமும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஷாங்காயில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் பெண்கள், அந்த எட்டில் ஆறு பேருக்கு வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கல்யாணத்தில்தான் வந்து நிற்கும். ஊர் திரும்பிய பிறகு, ஏதாவது ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். "அந்தப் பெண்களுக்குப் பேராசை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு கஷ்டப்பட்டுப்போனதும் இதை எழுத ஒரு காரணம்.

நடுத்தர வர்க்கம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, ஷென்சென், அப்புறம் ஹாங்சோ, செங்து மாதிரி ஊர்களில் பட்டம் படித்து, மாதச் சம்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள். பெற்றோருக்கு ஓய்வூதியம் இருக்கும், பெரும்பாலும் ஒரு வீடாவது சொந்தமாக இருக்கும். 1980-லிருந்து 2015 வரை நடப்பில் இருந்த ஒரு குழந்தைத் திட்டத்தில் பிறந்ததால் நிறையப் பேர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடி. தம்பி இல்லை, அண்ணன் இல்லை, அதனால் பெற்றோர் சேர்த்த பணம், டியூஷன், பியானோ வகுப்பு, எல்லா நம்பிக்கையும் அந்த ஒரு பெண் மீதே இறங்கியது. சீனக் கல்லூரிகளில் இன்று படிக்கிறவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள். கிராமத்துப் பெண்கள், தொழிற்சாலைப் பெண்கள் கதை வேறு, அதை நான் இங்கே எழுதவில்லை.

சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

இப்போது இருக்கிற வாழ்க்கையை விடக் கல்யாண வாழ்க்கை மோசமாகிவிடக் கூடாது. அவ்வளவுதான். வீடு, சம்பளம், படிப்பு, மாமியார் குணம் என்று பட்டியல் எவ்வளவு நீண்டாலும் எல்லாம் இந்த ஒரு பயத்திலிருந்துதான் வருகிறது. அவர்களின் பாட்டிகள் காலத்தில் ஒரு பழமொழி உண்டு, புருஷன் கட்டுவது உடுத்தவும் உண்ணவும் என்று. இவர்களுக்கு உடுத்தவும் உண்ணவும் வழி இருக்கிறது. பிறகு எதற்காகக் கட்டிக்கொள்வது என்ற கேள்விக்கு வருகிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருந்தே ஆக வேண்டும் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

ரொம்பப் பழைய வழக்கம் என்று நினைக்காதீர்கள். 1970-களில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் கேட்டது கைக்கடிகாரம், சைக்கிள், தையல் மெஷின், ரேடியோ. 'சுற்றுவது மூன்று, சத்தம் போடுவது ஒன்று' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. 1980-களில் அது டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆனது. வீட்டை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நகரங்களில் வீட்டை வேலை பார்க்கிற நிறுவனமே ஒதுக்கிக் கொடுத்தது. 1998-ல் அரசு அந்த ஒதுக்கீட்டை நிறுத்தி, இனி வீடு என்றால் சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆக்கியது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. சைக்கிள் இருந்த இடத்தில் வீடு வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

அதோடு இன்னொன்று, அங்கே குழந்தையைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்கு அந்த வட்டாரத்தில் வீடும் 'ஹூகோவ்' என்கிற குடும்பப் பதிவும் பெரிய விஷயம். வாடகை வீட்டில் இருந்தால் பல ஊர்களில் கடைசி வரிசைதான். ஆகவே "வீடு இருக்கிறதா" என்று கேட்கிற பெண் பாதி நேரம் பிறக்கப்போகிற பிள்ளையின் பள்ளிக்கூடத்தைத்தான் கேட்கிறாள்.

வீடு போதாதென்று பத்திரத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்களாமே? இது பேராசை இல்லையா?

எனக்கு அதிகம் கோபம் வரவழைக்கிற கேள்வி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி கல்யாணம் நிச்சயமானதும் புது வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். அங்கே புது அடுக்குமாடி வீடுகளைப் பெரும்பாலும் வெறும் சிமெண்ட் கூடாகத்தான் கையில் கொடுப்பார்கள். தரை பூசியிருக்காது, கதவு வெளிவாசலுக்கு மட்டும், குளியலறையில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே ஒரு ஒயர் தொங்கும். அவள் அந்தச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு "இது அடுப்பு மேடை, இது அம்மா வந்தால் படுக்கிற அறை" என்று காட்டினாள். வழக்கம் என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டார் முன்பணம் கட்டி வீட்டை வாங்குவார்கள், பெண் வீட்டார் டைல்ஸ், மரவேலை, சமையலறை, ஏ.சி., கட்டில், சோபா, சில இடங்களில் காரும் போடுவார்கள். அவள் அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமிப்பில் பெரும்பகுதி அந்தத் தரையில்தான் போனது. மாதத் தவணையை இருவர் சம்பளத்திலிருந்தும் கட்டுவது என்று பேச்சு.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. கல்யாணத்துக்கு முன்பே ஒருவர் முன்பணம் கட்டி, வங்கிக் கடன் எடுத்து, தன் பெயரில் பதிந்துகொண்ட வீடு, விவாகரத்து என்று வந்து இருவருக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால், பெயர் உள்ளவருக்கே போகலாம். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து கட்டிய தவணைக்கும் அந்த அளவுக்கான விலை உயர்வுக்கும் மட்டும் மற்றவருக்கு ஈடு உண்டு. பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து அவன் பெயரில் பதிந்த வீடு அவனுடைய தனிச் சொத்து. எழுத்தில் பார்த்தால் ஆண் பெண் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் வீடு அவன் பக்கம், டைல்ஸும் சோபாவும் இவள் பக்கம் என்று வழக்கம் இருக்கிற ஊரில் அது யார் தலையில் விடியும்? பத்து வருடத்தில் வீட்டின் விலை பல மடங்கு ஏறியிருக்கும், சோபாவைத் தூக்கிப்போட ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

அந்த விளக்கம் வந்ததும் பெயர் சேர்க்கச் சொல்லிப் பெண்கள் பதிவு அலுவலகங்களுக்குப் போனார்கள். இதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியாது. தன் பணமும் தன் அப்பா பணமும் போய்ச் சேர்ந்த இடத்தில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

2025 பிப்ரவரி 1 முதல் இன்னொரு விளக்கம் நடப்புக்கு வந்திருக்கிறது. இதில் பத்திரத்தில் யார் பெயர் என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தை உண்டா, யார் பணம் போட்டது, யாருடைய தவறால் முறிந்தது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆக, பெயர் சேர்த்துவிட்டால் பாதி வீடு கட்டாயம் கிடைக்கும் என்பதும் இப்போது இல்லை.

வீட்டு விலை சரிந்துவிட்டதே, இப்போதும் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், ஆனால் வேறு மாதிரி. 2021-க்குப் பிறகு பல ஊர்களில் விலை இறங்கிவிட்டது. உச்சத்தில் இருந்தபோது வாங்கி முப்பது வருடக் கடனில் மாட்டியவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். பெயர் சேர்த்தால் கடனிலும் தலை கொடுக்க வேண்டி வருமே என்று யோசிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். என் தோழிகளில் இருவர் "கடனில்லாத சின்ன வீடு போதும்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னொருத்தி கல்யாணத்துக்கு முன்பே பெற்றோர் உதவியோடு தன் பெயரில் ஒரு படுக்கையறை வீடு வாங்கிக்கொண்டாள். சண்டை வந்தால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அவள் அம்மா சொன்னாராம்.

"சைக்கிளில் சிரிப்பதை விட பி.எம்.டபிள்யூ-வில் அழுவேன்" என்று ஒரு சீனப் பெண் சொன்னாளே?

சொன்னாள். 2010-ல் ஜியாங்சு தொலைக்காட்சியில் தொடங்கிய வரன் தேடும் நிகழ்ச்சி ஒன்றில், இருபத்து நான்கு பெண்கள் விளக்குக்கு முன் நிற்க, மேடைக்கு வருகிற ஆணைப் பிடிக்காவிட்டால் விளக்கை அணைப்பார்கள். ஒருவன் "என்னோடு சைக்கிளில் சுற்ற வருவாயா" என்று கேட்டதற்கு ஒருத்தி கொடுத்த பதில் அது. நாடே பேசியது, அதே ஆண்டு அரசு அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பெண் சட்டென்று சொன்ன வாக்கியத்தை வைத்து, பதினைந்து வருடம் கழித்தும் கோடிக்கணக்கான பெண்களை எடைபோடுவது சரியில்லை. நான் பழகிய பெண்களில் ஒருவர்கூட அழுவதற்குக் கார் தேடவில்லை.

அங்கே பெண்ணுக்கு மாப்பிள்ளை பணம் கொடுப்பாராமே?

ஆமாம், 'சாய்லி' என்பார்கள், நம் பரிசப்பணம் போல. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது. ஜியாங்சி, ஃபூஜியான் போன்ற மாகாணங்களில் தொகை பெரிதாக இருக்கும், குவாங்தோங் பக்கம் பெரும்பாலும் பெயருக்குத்தான். நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் நான் பார்த்த வரை பெண்ணின் பெற்றோர் அந்தப் பணத்தைத் தொடுவதில்லை, தங்கள் பங்கையும் போட்டுப் பெண் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் முறிந்தால் இந்தப் பணத்துக்காக வரும் வழக்குகளுக்கென்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 1 முதல் விதிகள் வகுத்திருக்கிறது. பதிவு செய்து சேர்ந்தும் வாழ்ந்திருந்தால் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை, கொஞ்ச நாளே வாழ்ந்து தொகையும் மிகப் பெரிது என்றால் ஒரு பகுதியைத் திருப்பச் சொல்லலாம்.

'மிச்சமான பெண்' என்பது என்ன?

'ஷெங்நு' என்ற சொல். 'ஷெங்' என்றால் சாப்பிட்டு மீந்தது. 27 வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத படித்த பெண்ணைக் குறிக்க இதைப் பயன்படுத்தினார்கள். 2007-ல் கல்வி அமைச்சகமே புதுச் சொற்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது, அனைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே இந்தச் சொல்லை வைத்து அறிவுரைக் கட்டுரைகள் வந்தன. பெண்களுக்காக இருக்கிற அமைப்பு பெண்களை மீந்துபோன சோறு என்று சொல்வதை ஜீரணிக்க எனக்கு நாளாயிற்று. இதற்கு முன்பே ஒரு பழமொழி இருந்தது, முப்பதில் ஆண் பூ, முப்பதில் பெண் டோஃபு பிழிந்த சக்கை என்று.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'வெற்றி' என்பதற்கும் சீனத்தில் 'ஷெங்' என்றே உச்சரிப்பு வரும், அந்த எழுத்தைப் போட்டு 'வென்ற பெண்' என்று தங்களை எழுதிக்கொண்டார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முதல் கல்யாண வயது சராசரியே 28-ஐத் தாண்டிவிட்டது, பெண்களுக்கு ஏறக்குறைய 28. ஊரே 28-ல் கட்டிக்கொள்ளும்போது 27 எப்படி மிச்சம் ஆகும்?

அங்கே ஆண்கள்தானே அதிகம்? அப்புறம் ஏன் பெண்களுக்கு வரன் கிடைக்கவில்லை?

அதே 2020 கணக்கில் பெண்களை விட ஆண்கள் சுமார் 3 கோடியே 49 லட்சம் அதிகம். ஆனால் அந்த ஆண்கள் இருக்கிற இடம் வேறு, இந்தப் பெண்கள் இருக்கிற இடம் வேறு. ஆண் தன்னை விடப் படிப்பிலும் சம்பளத்திலும் ஒரு படி கீழே உள்ள பெண்ணைக் கட்டுவதும், பெண் ஒரு படி மேலே பார்ப்பதும் பழக்கமாகிப்போன ஊரில், மேல் படியில் நிற்கிற பெண்ணுக்கும் கீழ்ப் படியில் நிற்கிற ஆணுக்கும் யாரும் இருக்க மாட்டார்கள். கல்யாணமாகாத ஆண்களில் பெரும்பகுதி ஏழைக் கிராமங்களில் நிற்கிறார்கள், பெண்கள் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும்.

பெண்கள் இறங்கி வர மாட்டேன் என்பதாகத்தான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். என் பக்கத்து இருக்கைத் தோழி முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது அவளோடு பேசிக்கொண்டிருந்த வரன் "முதுநிலையே அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதைக் கணக்கில் சேர்ப்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

பூங்காவில் பெற்றோர் வரன் தேடும் சந்தை உண்மையா?

உண்மை. ஷாங்காய் மக்கள் பூங்காவில் சனி, ஞாயிறு மதியத்தில் நடக்கும். பெய்ஜிங்கில் சோங்ஷான் பூங்கா, ஷென்செனில் லியான்ஹுவா மலைப் பூங்கா என்று வேறு ஊர்களிலும் உண்டு.

நான் ஒரு மாலை போனேன். நடைபாதை ஓரமாக விரித்த குடைகள், ஒவ்வொரு குடையிலும் ஒரு தாள் கிளிப்பால் மாட்டியிருக்கும், பின்னால் மடக்கு ஸ்டூலில் ஃபிளாஸ்க்கோடு ஓர் அம்மா. நான் நின்று எழுத்துக்கூட்டிப் படித்த தாளில் இப்படி இருந்தது: பெண், 1988, 1.63 மீட்டர், முதுநிலைப் பட்டம், ஷாங்காய் ஹூகோவ், அரசு மருத்துவமனை, தனி வீடு உண்டு. எதிர்பார்ப்பு: 1983-லிருந்து 1988-க்குள், 1.75-க்கு மேல், பட்டதாரி, நல்ல வேலை, நல்ல குணம், புகை கூடாது. புகைப்படம் இல்லை, பெயர் இல்லை. ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் முதலில் கேட்பது "பையனா பெண்ணா", அடுத்தது "எந்த வருஷம்". பெண் என்றால் பாதிப் பேர் அங்கேயே நகர்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் குடைகளில் பெண்கள்தான் அதிகம்.

அந்த அம்மாவிடம் உங்கள் மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரிந்தால் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுவாள் என்றார். நான் வெளிநாட்டுக்காரி என்பதால் மனம் விட்டுப் பேசினார் என்று நினைக்கிறேன். "நாங்கள் போன பிறகு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கையெழுத்துப் போட யார் இருப்பார்கள்" என்றார். கூடப்பிறந்தவர் இல்லாத பெண்ணின் அம்மா கேட்கிற கேள்வி அது. சந்தை என்று நாம் வேடிக்கை பார்க்கிறோம், அவர் அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வாரமும் குடை விரிக்கிறார்.

உயரம், ராசி எல்லாம் பார்ப்பார்களா?

உயரம் நிச்சயம். ராசி, அதாவது பிறந்த வருடத்து விலங்கு, பெரியவர்கள் பார்ப்பார்கள். ஆட்டு வருடத்தில் பிறந்த பெண்ணுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று ஒரு மூட நம்பிக்கை இன்னும் இருக்கிறது. 2024-ல் தொடங்கிய டிராகன் வருடத்தில் வசந்தத் தொடக்க நாள் விழவில்லை, அதை 'கைம்பெண் வருடம்' என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

கிராமத்திலிருந்து வந்து முன்னேறிய மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறார்களாமே?

'ஃபெங்ஹுவாங் நான்', ஃபீனிக்ஸ் ஆண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலை இடுக்கிலிருந்து தங்க ஃபீனிக்ஸ் பறந்து வந்தது என்ற வழக்கிலிருந்து வந்தது. பயம் அவன் மீதில்லை, அவன் பின்னால் வருகிற குடும்பத்தின் மீது. அவனைப் படிக்க வைக்க அக்கா படிப்பை விட்டிருப்பாள், சித்தப்பா கடன் வாங்கியிருப்பார், அந்தக் கடனெல்லாம் மருமகள் சம்பளத்திலும் கழியும். இந்தப் பயத்தில் நியாயம் இருந்தாலும் அந்தச் சொல்லை நான் விரும்புவதில்லை, நன்றாகப் படித்து மேலே வந்த ஒருவனை அவன் பிறந்த ஊரை வைத்துத் தள்ளுகிற சொல் அது. 'மென் தாங் ஹூ துய்', வாசலுக்கு வாசல் பொருத்தம் என்ற பழைய தொடரை இளம்பெண்களே இப்போது மறுபடி சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். இருபது வயதில் அதை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள், முப்பதில் அதையே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இதை விடப் பெரிய பயம் 'மாபாவ் நான்', அதாவது அம்மாக்கோண்டு. அம்மாவைக் கேட்காமல் திரைச்சீலை நிறம்கூடத் தேர்ந்தெடுக்காதவன். வீடு இருந்தாலும் கார் இருந்தாலும் இந்த வகையை எங்கள் மேசையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் காதல் என்பதே கிடையாதா?

ஏன் இல்லை? 'சான்குவான்' பொருந்த வேண்டும் என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். உலகத்தை, வாழ்க்கையை, நல்லது கெட்டதை ஒருவர் பார்க்கிற மூன்று பார்வைகள் என்று பொருள். எதற்குச் செலவு செய்வது, பெற்றோரை எப்படி வைத்துக்கொள்வது, சர்வரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். சமீப வருடங்களில் இன்னொரு சொல் சேர்ந்திருக்கிறது, கூட இருப்பவன் மனசுக்குத் தருகிற தெம்பு, அதை மதிப்பு என்றே சொல்கிறார்கள். சோர்ந்து வீட்டுக்கு வந்தால் "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று தொடங்காதவன் வேண்டும் என்று ஒருத்தி எனக்கு விளக்கினாள். இது பணத்தில் வராது, வீடு வைத்திருப்பவர்களிடம் இது இருப்பதில்லை என்பதுதான் பல பேருடைய குறை.

வேலைக்குப் போகிற பெண்கள் கல்யாணத்தில் எதற்குப் பயப்படுகிறார்கள்?

வேலை போய்விடும் என்று. வேலை போகாவிட்டால் வீட்டு வேலையும் சேர்ந்துகொள்ளும் என்று. 2018-ல் சீனப் புள்ளியியல் துறை எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற நேரம் 126 நிமிடம், ஆண் 45 நிமிடம். குழந்தை பிறந்த பிறகு அப்பா கண்ணிலேயே படாமல் அம்மா தனியாக வளர்ப்பதற்கு, 'துணையை இழந்தவர் மாதிரியான வளர்ப்பு' என்று ஒரு சொல் புழங்குகிறது, அதைச் சொல்கிறவள் புருஷன் பக்கத்து அறையில் போனோடு உட்கார்ந்திருப்பான்.

வேலைக்கு நேர்முகம் போனால் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று கேட்பார்கள். கேட்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் ஒன்பது அரசுத் துறைகள் சேர்ந்து உத்தரவு போட்டன. என் தோழிகளிடம் அதற்குப் பிறகும் கேட்டார்கள், வார்த்தையை மட்டும் மாற்றி, "அடுத்த மூன்று வருடத் திட்டம் என்ன" என்று. இதனால்தான் அரசுப் பணியிலோ பள்ளியிலோ நிரந்தர இடம் உள்ள மாப்பிள்ளைக்கு மவுசு, அப்படிப்பட்ட பெண்ணுக்கும் அதே மவுசு. அந்த நிரந்தர இடத்துக்குப் பெயர் 'பியான்ஜி'.

2021-ல் பெய்ஜிங் ஃபாங்ஷான் நீதிமன்றம், விவாகரத்தான ஒரு பெண்ணுக்கு, அவள் ஐந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் செய்த வீட்டு வேலைக்கு ஈடாக 50,000 யுவான் கொடுக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்த சிவில் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. தீர்ப்பு வந்த மறுநாள் எங்கள் மேசையில் ஒருத்தி போனில் கால்குலேட்டரைத் திறந்து ஐந்து வருடத்தால் வகுத்தாள், மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். பெய்ஜிங்கில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாவின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

கல்யாணமே வேண்டாம் என்பவர்கள் கூடியிருக்கிறார்களா?

2013-ல் சுமார் 1 கோடியே 35 லட்சம் ஜோடிகள் பதிவு செய்தார்கள், 2024-ல் சுமார் 61 லட்சம். இளைஞர்கள் எண்ணிக்கை குறைந்ததும் இதில் சேரும், ஆனாலும் பெண்களின் மனம் மாறியிருப்பதை மறுக்க முடியாது. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் பாதை லேசில்லை. சூ சாவ்சாவ் என்ற புனைபெயரில் அறியப்பட்ட பெண் 2018-ல் பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் கருமுட்டையை உறைய வைத்துக்கொள்ளக் கேட்டார், கல்யாணம் ஆகவில்லை என்று மறுத்தார்கள், வழக்குப் போட்டு 2024-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். சிச்சுவான் மாகாணம் 2023 பிப்ரவரியில், கல்யாணம் ஆனவரா என்று பார்க்காமல் பிறப்புப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது.

இரண்டு பக்கமும் ஒரே பிள்ளை என்றால் யார் பெற்றோரோடு இருப்பது?

இதற்கு ஜியாங்சு தெற்கிலும் ஜெஜியாங்கிலும் ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், 'லியாங்தோவ் ஹுன்', இருபக்கக் கல்யாணம். பரிசமும் கிடையாது, சீரும் கிடையாது. பெண் போகவும் மாட்டாள், மாப்பிள்ளை வரவும் மாட்டான், இரண்டு வீட்டிலும் அறை இருக்கும், மாறி மாறி இருப்பார்கள். இரண்டு குழந்தை பிறந்தால் ஒன்றுக்கு அப்பா குடும்பப்பெயர், ஒன்றுக்கு அம்மா குடும்பப்பெயர். சீனப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் தங்கள் குடும்பப்பெயரை மாற்றுவதில்லை என்பதால் இது அவ்வளவு விநோதமாகவும் தோன்றுவதில்லை. இரண்டாவது குழந்தை பிறக்காவிட்டால் அங்கேயும் சண்டைதான் என்று ஹாங்சோ தோழி சொன்னாள்.

பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொள்ள முடியுமா?

சட்டப்படி முடியும். 1950 திருமணச் சட்டமே கட்டாயக் கல்யாணத்தை ஒழித்துவிட்டது. இப்போது ஆணுக்கு 22, பெண்ணுக்கு 20 நிறைந்திருந்தால் போதும். ஆனால் பதிவுக்குக் குடும்பத்தின் ஹூகோவ் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அது அம்மா அலமாரியில் இருக்கும். அதைத் தெரியாமல் எடுத்துப் போய்க் கல்யாணம் செய்வதற்குத் தனிச் சொல்லே உண்டு. 2025 மே 10 முதல் புத்தகம் வேண்டாம், அடையாள அட்டை போதும், நாட்டில் எங்கே வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

சாக்பீஸ் கோடு போட்ட தோழிக்கு அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தில் பெயர் சேர்ப்பதில் பேச்சு முறிந்து, டைல்ஸ் போட்ட காசில் பாதிதான் திரும்பி வந்தது. பிறகு ஹெனான் கிராமத்திலிருந்து வந்த ஒருவரோடு பழகினாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, இரண்டு வருடம் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. 2025 ஜூனில் இருவரும் அடையாள அட்டையோடு போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். சிவப்புப் பின்னணியில் எடுத்த படம் ஒட்டிய இரண்டு சிவப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்த போட்டோ எனக்கு வந்தது. ஓரத்தில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தார் என்று கேட்டேன். காலையில் தானாகவே கிளம்பி வந்தாராம், யாராவது கேட்டால் என்ன செய்வது என்று கைப்பையில் அந்த ஹூகோவ் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு.